ஜெயிச்சுட்டு மீனை விட்டுட்டு வா, மருமவனே!

ஏலே மருமவனே, மவன் இங்கிலாந்துல வேலை பாக்கான்னு உங்க அம்மை இங்க தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. நீ என்னடான்னா, ஞாயித்துக்கிழமை குளத்தங்கரையில உக்காந்து கெண்டை பிடிக்கப் போறேன்னு போன்ல சொல்லுத. அதுக்கு ஒரு கிளப்பு, அதுக்கு ஒரு சந்தா, அதுல ஒரு போட்டி. சந்தோசம்டே. மன்னார் வளைகுடாக் கரையில பொறந்தவன் காசு கொடுத்துக் குட்டையில தூண்டில் போடுத காலமும் வந்தாச்சு. நாலு புத்தி சொல்லுங்க மாமான்னு கேட்ட. சொல்லுதேன். நீ கேக்காட்டியும் சொல்லியிருப்பேன், அது வேற விசயம்.

மொதல்ல எதிராளி யாருன்னு தெரிஞ்சுக்கோ. அந்தக் குளத்து மீனு தானா வந்து சேந்தது இல்ல, வாங்கி விட்டது. கார்ப்பு, பிரீம், ரோச்சு, டென்ச்சு எல்லாம் கிடக்கும். சால்மனும் டிரவுட்டும் தொரைமாருக்கு, மிச்சமெல்லாம் மத்தவனுக்குன்னு அந்த ஊருல அந்தக் காலத்துலயே பாகப்பிரிவினை நடந்துபோச்சு. நம்ம கடல்ல விளமீனோ பாறையோ களவாயோ ஆயுசுல ஒரே ஒரு தடவைதான் முள்ளைப் பாக்கும். பொறவு அது பாக்கது குழம்புச் சட்டியை. உன் குளத்துக் கார்ப்பு அப்படியா? வாராவாரம் முள்ளைப் பாத்து, தராசைப் பாத்து, திரும்பத் தண்ணிக்குள்ள போயி மத்த மீனுக்கெல்லாம் கதை சொல்லுத சாதி. ஹாலந்துல பியூகெமான்னு ஒரு விஞ்ஞானி இதையே சோதிச்சுப் பாத்து, ஒரு தடவை முள்ளுல மாட்டின கார்ப்பு அடுத்த தடவை லேசுல சிக்காதுன்னு 1970லயே எழுதிட்டாராம். நீதானே சொன்ன? நீ இப்பத்தான் கத்துக்கப் போற. மீனு எப்பவோ பாஸ் பண்ணிட்டு.

அதுக்கு லீவும் கிடையாது, பாவம். இங்க கிழக்குக் கரையில ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவக்கூடாது. அங்க ஆத்துல மார்ச் 15லருந்து ஜூன் 15 வரைக்கும் தூண்டில் போடக்கூடாது. நம்ம கடல் மீனும் வெள்ளைக்காரன் ஆத்து மீனும் ஏறக்குறைய ஒரே நாள்லதான் பயப்பட ஆரம்பிக்கும். குளத்து மீனுக்கு மட்டும் அந்த லீவை 1995ல பெரும்பாலும் எடுத்துட்டானுவ. வருசம் பூரா டூட்டி. அதுக்காகக் குளத்துக்குத்தானே போறோம்னு சர்க்கார் சீட்டு வாங்காமப் போயிராத. 13 வயசு ஆன எவனும் அங்க சீட்டு இல்லாமத் தூண்டிலைத் தொடக்கூடாது. இங்க பக்கத்துக் குளத்துல குத்தகைக்காரன் ஆளு கம்போட வந்தா வயக்காட்டு வழியா ஓடி வந்த காலும் மூச்சும் உனக்கு இப்ப இல்ல.

அடுத்தது இரை. அவனுவ ஈப்புழுவுக்குச் செவப்புச் சாயம் ஏத்தி, மரத்தூள்ல போட்டு, டப்பாவுல அடைச்சு பிரிட்ஜுக்குள்ள வைப்பானுவ. குளிர்ந்து கிடந்தாத்தான் புழு கூடு கட்டாம புழுவாவே இருக்கும். வித்தை நல்ல வித்தைதான். ஆனா உன் பொண்டாட்டி இட்லி மாவு வைக்க அதே பிரிட்ஜுல நீ அதை வைக்குமுன்ன ஒரு வார்த்தை சொல்லிட்டு வை. சொல்லாம வச்சா போட்டி சனிக்கிழமை ராத்திரியே முடிஞ்சிரும். மக்காச்சோளம் வாங்கு, அதையும் கார்ப்பு தின்னும், வீட்டுலயும் சண்டை வராது. எந்த மீனுக்கு எந்த இரைன்னு ஆராயுதது புதுசுன்னு நினைச்சிராத. 12ஆம் நூற்றாண்டுல சாளுக்கிய ராசா மூணாம் சோமேசுவரன் 'மானசோல்லாசம்'னு ஒரு நூல் எழுதி, ராசாமாரு பொழுதுபோக்குல தூண்டிலையும் சேத்து, இரைக்கணக்கு எல்லாம் போட்டு வச்சிருக்காரு. அவருக்கு ஒரு சவுகரியம், பக்கத்துல உக்காந்து ராசாவைவிடப் பெரிய மீனாப் பிடிக்கத் துணிஞ்சவன் எவனும் இருந்திருக்க மாட்டான்.

உனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. காலையில பைக்குள்ள கைய விட்டு நம்பர் எடுக்கணும். எந்த நம்பரோ அந்த இடத்துலதான் அஞ்சு மணி நேரமும் தவம். ஓரத்து நம்பர் வந்தா ஒரு பக்கம்தான் ஆளு இருக்கும், மீனுக்குப் பங்காளி குறைவு. நடுவுல வந்தா ரெண்டு பக்கமும் இடி. இந்தக் குலுக்கலைக் கண்டு நீ பதறாத, நாம பாக்காத குலுக்கலா? 1961ல நம்ம கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தப்ப, நான் டவுசர் போட்ட பய. வார சிப்பியை மூணு கூறு போட்டு, ரெண்டு கூறு சர்க்காருக்கு, ஒரு கூறு குளிச்சவனுக்கு. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாவ. எடுத்தவனுக்கு உள்ள முத்து இருக்கா, வெறும் சதையான்னு ஏலம் முடிஞ்ச பொறவுதான் தெரியும். அவன் நெஞ்சடைச்சா செத்துப்போனான்? வாயை மூடிக்கிட்டு அடுத்த சிப்பியைத் திறந்தான். நீயும் எந்த நம்பர் வந்தாலும் "ஆகா, நல்ல இடம்"னு சத்தமாச் சொல்லிட்டுப் போயி உக்காரு. பக்கத்துல இருக்கவனுக்கு வயிறு எரியட்டும்.

அந்தப் பக்கத்து ஆளைத்தான் நல்லாப் பாத்துக்கணும். முத்துக்குளிக்கப் போறவன் மேல இருந்து கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைப்பான்னு நம்ம கரையில ஒரு பேச்சு உண்டு. கூடப்பிறந்தா தாலி மேல அக்கறை உள்ளவன்தான் கயிறைக் காலத்துல இழுப்பானாம். அங்க உனக்குப் பக்கத்துல இருக்கவன் எவனுக்கும் மச்சினன் இல்ல. அவன் இரையை அள்ளி அள்ளி வீசினா, உன் முன்னால நிக்க மீனெல்லாம் வாலை ஆட்டிக்கிட்டு அங்க போயிரும். அதுக்காக நீயும் பதிலுக்கு டப்பாவைக் கவுத்திராத. கவட்டையில வச்சு பத்துப் புழு வீசு, கொஞ்சம் பொறுத்து இன்னும் பத்துப் புழு, அவ்வளவுதான். பந்தியில மொத்தச் சோத்தையும் ஒரே தடவையில கொட்டிட்டா எவன் ரெண்டாந்தரம் கையை நீட்டுவான்?

கம்பு விசயம் சொல்லவே சிரிப்பு வருது. 16 மீட்டர் நீளக் கம்பாம், உள்ள ரப்பர் நரம்பாம். எங்க மாமன் ஓட்டின வள்ளம்கூட அவ்வளவு நீளம் கிடையாது. அதுல வாரது ஒரு சாண் மீனு. அதை வாங்க லோன் போடாத. இருக்க தூண்டிலைச் சரியாக் கட்டு, அது போதும். முள்ளுல ஈயத்தை மாட்டி ஆழம் பாரு. பாகக் கணக்குல கடலை அளந்த வம்சம் நாம, அந்தக் குளத்துல பல இடம் ஒரு பாகம் வந்தாலே பெரிசு. தக்கை நுனி மட்டும் தண்ணிக்கு மேல நெல்லுமணி அளவு தெரியுத மாதிரி ஈயக்குண்டை ஏத்து. தக்கை தண்ணிக்கு மேல கொடிமரம் கணக்கா நின்னா, மீனு இரையைத் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போனாலும் உனக்குத் தெரியாது.

பெரிய மீனுக்கு ஆசைப்படாத. போட்டியில அளக்கது மொத்த எடையைத்தான். எல்லாரும் ஒரே ஒரு பூதத்தைப் பிடிக்கணும்னு கண்ணை மூடி வேண்டிக்கிட்டிருக்க நேரத்துல, நீ பாட்டுக்குச் சின்ன மீனா அடுக்கிக்கிட்டே இரு. கடைசி ஒரு மணி நேரம் தடிக் கார்ப்பு கரையோரம் மேய வரும். அதுவரைக்கும் காலைத் தரையில தட்டாத, தெர்மாஸைத் திறந்து மூடாத. எட்டிப் போட்டவனெல்லாம் அசந்த நேரம், உன் கால் மாட்டுல இருக்கும் பரிசு.

பிடிச்ச மீனை நீள வலைப்பைக்குள்ள போட்டு வைக்கணும். ஒரு பைக்கு இவ்வளவு பவுண்டுன்னு குளத்துக்குக் குளம் சட்டம் உண்டு. மிஞ்சினா மிஞ்சினது கணக்குல வராது. அதனால மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே வா, ரெண்டாவது பையும் கையில வச்சுக்கோ. "எவ்வளவு பிடிச்ச?"ன்னு பக்கத்து ஆளு கேப்பான். இங்கதான் நீ நம்ம ஊரு புத்தியை மறக்கணும். நாம நெத்திலியைச் சுறான்னு சொல்லிப் பழகினவனுவ. அங்க சுறாவையே நெத்திலின்னு சொல்லணும். "ஏதோ அஞ்சாறு வந்துது"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கோ. தராசு வந்த பொறவு அவன் மூஞ்சி தொங்கட்டும்.

எடை முடிஞ்சதும் மீனையெல்லாம் திரும்பக் குளத்துல விடணும். அப்ப மசாலா ஞாபகம் வரும், கண்ணு கலங்கும். அடக்கிக்கோ. குளத்துக்காரனுக்கு அந்த மீனு அடுத்த வாரத்து முதல். எல்லாரும் போட்ட காசைத்தான் பரிசாப் பிரிச்சுத் தருவானுவ. அதுலயும் நீ கட்டினது திரும்பி வந்துட்டாலே கோயிலுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்து.

தோத்தா? தோக்கத்தான் செய்வ. காத்து மாறிட்டு, நம்பர் சரியில்ல, பக்கத்து ஆளு சத்தம்னு காரணம் மூணை முந்தின நாளே கட்டி வச்சுக்கோ. அங்க பாப் நட்னு ஒருத்தர் 1990, 1991, 1994, 1999ன்னு நாலு தடவை உலகச் சாம்பியன் ஆனவரு. 92லயும் 93லயும் அவரும் பட்டம் இல்லாமத்தான் வீட்டுக்குப் போயிருக்காரு. உனக்கென்ன கேடு?

வெறுங்கையோட வீட்டுக்குப் போவக் கூச்சமா இருந்தா, வழியில தமிழ்க்கடையில ஒரு பாறை வாங்கிட்டுப் போ. ஆனா அதை நீ பிடிச்சதா மட்டும் சொல்லிராத. உன் பொண்டாட்டி மணப்பாட்டுப் பிள்ளை. செவுளைத் தூக்கிப் பாத்தே எத்தனை நாளு ஐஸுல கிடந்துதுன்னு சொல்லிப்போடுவா.