செம்புச் சங்கிலி போட்டவர் மட்டும் வரவும்

அந்த மனிதர் வந்ததும் வராததுமாகக் கேட்டது பீர்.

தேதி 1621 மார்ச் 16. இடம், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிளிமத். இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் குளிரும் நோயும் கொண்டுபோயிருந்தன. மிஞ்சியவர்கள் கூடி உட்கார்ந்து, உள்ளூர்க்காரர்கள் தாக்கினால் எப்படித் தப்பிப்பது என்று தீவிரமாக ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இடுப்பில் ஒரு சாண் குஞ்சம் தொங்கும் தோல்பட்டை, கையில் வில், வேறு துணிமணி எதுவும் இல்லாமல் ஒருவர் நேரே நடந்து வந்தார். இங்கிலீஷில் வரவேற்பு சொன்னார். வந்தவர்களை வந்த இடத்துக்காரர் வரவேற்பதில் தவறில்லை. அடுத்ததாகத்தான் பீர் கேட்டார்.

பெயர் சமோசெட். மீன்பிடிக்க வந்த ஆங்கிலக் கப்பல்காரர்களிடம் மொழி கற்றவர். கப்பல்காரர்களிடம் மொழி படித்தால் முதல் பாடத்திலேயே பீர் வந்துவிடும் போலிருக்கிறது. பீர் இல்லை. பதிலுக்குக் காட்டமான சரக்கு கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள பிஸ்கட், வெண்ணெய், சீஸ், புட்டிங், ஒரு துண்டு வாத்துக்கறி. ஒன்று விடாமல் ரசித்துச் சாப்பிட்டார். குளிர்காற்று அடித்ததும் ஒரு கோட்டைப் போர்த்திவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ ராத்தங்குவது என்று தீர்மானித்துவிட்டார். கடைசியில் தங்களில் ஒருவரான ஸ்டீபன் ஹாப்கின்ஸ் வீட்டில் படுக்க வைத்து, அவர் மேல் ஒரு கண் வைத்துக் காவல் காத்தார்கள்.

நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கா முழுக்க வான்கோழியை அடுப்பில் ஏற்றுகிறார்களே, அந்த தேங்க்ஸ்கிவிங்கின் பூர்வகதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பள்ளிக்கூட நாடகங்களில் இது வேறு மாதிரி இருக்கும். தலையில் காகித இறகு செருகிய பிள்ளைகளும் கறுப்புத் தொப்பி போட்ட பிள்ளைகளும் கைகோத்துக்கொண்டு புன்னகை செய்வார்கள். நடந்ததை எழுதிவைத்தவர்களின் தாள்களைப் புரட்டினால் தெரிவது, சம்பந்தம் பண்ணாத இரண்டு சம்பந்தி வீட்டார் கதை. எத்தனை தலை வருகிறது, அரிசி காணுமா, எப்போது கிளம்புவார்கள் என்ற கவலைதான் அதில் பாதி. அரிசிக்குப் பதில் மக்காச்சோளம், அவ்வளவுதான்.

அந்த மக்காச்சோளம் வந்த கதையும் அழகானது. 1620 நவம்பரில் கேப் காட் பகுதியில் இறங்கியதும் இவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, யாரோ விதைக்காக மண்ணில் புதைத்து வைத்திருந்த சோளத்தைத் தோண்டி எடுத்துப் போனது. சில சமாதிகளையும் கிளறி, பார்க்க நன்றாக இருந்த பொருள்களைக் கையோடு கொண்டுபோனார்கள். பக்திமான்கள் அல்லவா, சோளம் கிடைத்தது கடவுள் கிருபை என்று எழுதியும் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அமெரிக்காவின் முதல் நன்றி அறிவித்தல் அதுதான். நன்றி தவறான விலாசத்துக்குப் போய்விட்டது. சோளத்துக்கு உரிய ஈட்டை மறுவருஷம் கொடுத்துத் தீர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடன் வைக்கவில்லை.

வீடு கட்டிய இடமும் காலி மனை இல்லை. அது பட்டக்ஸெட் என்ற ஊர். ஐரோப்பியக் கப்பல்கள் வந்துபோன வழியில் தொற்றிய கொள்ளைநோய் 1616க்கும் 1619க்கும் நடுவில் அந்த ஊரை அடியோடு துடைத்துவிட்டது. தப்பியவர் டிஸ்குவாண்டம். அவரைத் தப்பவைத்தது அதிர்ஷ்டம் என்று சொல்ல நா கூசுகிறது. 1614இல் தாமஸ் ஹண்ட் என்ற கப்பல் தலைவன் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினில் மலகாவில் விற்க முயன்றான். அங்கிருந்து எப்படியோ லண்டன் சேர்ந்து, இங்கிலீஷ் கற்று, 1619இல் ஊர் திரும்பினால் ஊரே இல்லை. அடுத்த வருஷம் அந்த எலும்புகளின் மேல் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டுகிறார்கள். அவர்களுக்கே போய் மொழிபெயர்த்தார். மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு, வெள்ளைக்காரர்கள் கொள்ளைநோயைத் தங்கள் கிடங்குக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள், நான் சொன்னால் திறந்துவிடுவார்கள் என்று சுற்றுவட்டாரத்தை மிரட்டியும் வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு கொண்டுபோகிறவர் கொஞ்சம் சேர்த்துச் சொல்வது உலக வழக்கம்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊசாமெக்வின், வாம்பனோவாக் மக்களின் தலைவர். மாசசாய்ட் என்பது பட்டம். சரித்திரம் அதையே பெயராக்கிவிட்டது. கொள்ளைநோயில் அவருடைய சனம் பெருமளவு செத்திருந்தது. நோய் தொடாத நாரகான்செட் கூட்டம் மேற்கே நின்று உறுமிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வைத்திருக்கிற அக்கம்பக்கத்தார் இருந்தால் நல்லது என்று அவர் கணக்குப் போட்டார். சாப்பாட்டுக்கு வழி தெரிந்த அக்கம்பக்கத்தார் இருந்தால் நல்லது என்று இவர்கள் கணக்குப் போட்டார்கள். மார்ச் மாதமே உடன்படிக்கை ஆயிற்று.

உறவு முடிந்ததும் என்ன ஆகும்? வர ஆரம்பித்தார்கள். வாம்பனோவாக் வழக்கப்படி உறவுக்காரர் வீட்டுக்குப் போக நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை; பெண்டு பிள்ளைகளோடு போகலாம், தங்கலாம். பிளிமத்தில் கப்பலில் வந்த மிச்சத்தை எண்ணி எண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினம் வாசலில் யாராவது நின்றால் யாருக்குத்தான் முகம் மலரும்? வராதீர்கள் என்று சொல்லவும் முடியாது, சோளம் அவர்கள் தயவு. அந்தக் கோடையில் தங்களில் எட்வர்ட் வின்ஸ்லோவையும், ராத்தங்கும் விருந்தாளியைச் சமாளித்த அனுபவசாலியான ஹாப்கின்ஸையும் தலைவரிடம் தூது அனுப்பினார்கள். கையில் சீர்வரிசை: ஒரு சிவப்புக் கோட்டு, ஒரு செம்புச் சங்கிலி. சேதி இதுதான். உங்கள் ஆட்கள் வருவதில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அறுவடை எப்படி இருக்குமோ தெரியவில்லை, முன்போல உபசரிக்க முடியாது. நீங்கள் வந்தால் எப்போதும் வரவேற்பு. நீங்கள் யாரையாவது அனுப்பினால் இந்தச் சங்கிலியைப் போட்டு அனுப்புங்கள், அடையாளம் தெரிந்து கவனித்துக்கொள்வோம்.

விருந்தாளியைக் குறைக்க நகை போட்ட வேறு குடும்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

தலைவர் கோட்டை மாட்டினார், சங்கிலியைக் கழுத்தில் போட்டார், மகிழ்ந்தார். ராத்திரி ஆயிற்று. சாப்பாடு வரவில்லை. அவரே அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார், வீட்டில் ஒன்றுமில்லை. படுக்கை மட்டும் வந்தது. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பலகை, மேலே மெல்லிய பாய். ஒரு கோடியில் தலைவரும் மனைவியும், மறு கோடியில் வின்ஸ்லோவும் ஹாப்கின்ஸும். இடம் போதாமல் இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள் இவர்கள் மேலேயே நெருக்கிப் படுத்தார்கள். அந்த ஊரில் பாடிக்கொண்டேதான் தூங்குவார்கள். உள்ளே பேனும் தெள்ளுப்பூச்சியும், வெளியே கொசு. நடந்த களைப்பைவிடப் படுத்த களைப்பு அதிகம் என்ற பாவத்தில் வின்ஸ்லோ எழுதுகிறார். மறுநாள் மதியம் தலைவர் இரண்டு பெரிய மீன்களைப் பிடித்து வந்து வேகவைத்தார். பங்குக்குக் காத்திருந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. இன்னும் இருங்கள் என்று கெஞ்சினார். மயக்கம் போட்டு விழுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டுமே என்று இருவரும் அடுத்த நாள் விடியும் முன்னே நடையைக் கட்டினார்கள். சரியாக உபசரிக்க முடியவில்லையே என்று தலைவர் வெட்கப்பட்டாராம். அந்தப் பயணம் முழுவதிலும் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

இப்போது விருந்துக்கு வருவோம். 1621 இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்தது. மக்காச்சோளம் நன்றாக வந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பட்டாணி காய்ந்தே போயிற்று. ஆளுநர் பிராட்ஃபோர்ட் நான்கு பேரைப் பறவை சுட அனுப்பினார். ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்குக் காணும் அளவு சுட்டுவந்தார்கள். கொண்டாட்டமாகத் துப்பாக்கிப் பயிற்சியும் நடந்தது. அந்தச் சமயத்தில் ஊசாமெக்வின் வந்தார், சுமார் 90 ஆண்களோடு. அழைப்பு போனதா? வின்ஸ்லோ இந்த விருந்தைப் பற்றி எழுதிய கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. வெடிச்சத்தம் கேட்டு, என்ன கலாட்டா என்று படையோடு வந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் மொத்தம் ஐம்பது சொச்சம் பேர், வாசலில் தொண்ணூறு பேர். சங்கிலி போட்டவர் மட்டும் வரவும் என்று சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சமையல் யார் என்பதைத்தான் நாடகங்களில் காட்டுவதே இல்லை. முதல் குளிர்காலம் தாண்டி விருந்துவரை உயிரோடு இருந்த மணமான பெண்கள் நான்கே பேர். கையுதவிக்குச் சில இளம்பெண்களும் வேலைக்காரிகளும். எதிரே 140 வயிறு. வின்ஸ்லோ துப்பாக்கிப் பயிற்சியை எழுதினார், பறவைக் கணக்கை எழுதினார், அடுப்படியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பந்தியில் என்ன இருந்தது? உருளைக்கிழங்கு இல்லை. இன்றைக்குப் போடுகிற பூசணிப் பை இல்லை. அதற்கு வேண்டிய வெண்ணெய்க்கும் கோதுமை மாவுக்கும் எங்கே போவது? வான்கோழி இருந்திருக்கலாம், அந்தப் பருவத்தில் காட்டு வான்கோழி நிறையக் கிடைத்ததாகப் பிராட்ஃபோர்ட் எழுதியிருக்கிறார். ஆனால் விருந்தைப் பற்றிச் சொல்லும் கடிதம் பறவை என்று மட்டும் சொல்கிறது. முள்கரண்டியும் கிடையாது. இங்கிலாந்தில் அது இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. கத்தி உண்டு, கரண்டி உண்டு, மற்றதெல்லாம் கைதான். நாம் கையால் பிசைவதைப் பார்த்து முகம் சுளிக்கும் துரைமார் யாராவது மாட்டினால் இந்தத் தகவலைப் பரிமாறலாம்.

சாப்பாடு காணாது என்பது விருந்தாளிகளுக்கே புரிந்தது. காட்டுக்குள் போனார்கள், ஐந்து மான்களை அடித்துக்கொண்டு வந்து ஆளுநரிடமும் படைத்தலைவரிடமும் மற்றவர்களிடமும் கொடுத்தார்கள். கூப்பிட்டோ கூப்பிடாமலோ வந்தவர்கள் மொய் எழுதிய கணக்கு அது. எடை போட்டால் அந்தப் பந்தியில் எது யார் வீட்டுச் சாப்பாடு என்பது சந்தேகம்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனாலும் சரியாக மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள்.

அது தேங்க்ஸ்கிவிங் என்று யாரும் சொல்லவில்லை. பிளிமத் கூட்டத்துக்கு நன்றி நாள் என்றால் கோயிலில் நாள் முழுக்கப் பிரார்த்தனை. பண்டிகை என்றாலே பிடிக்காது. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அன்று, புதிதாகக் கப்பலில் வந்தவர்கள் சிலர் இன்றைக்கு வேலை செய்ய மனசாட்சி இடம் தராது என்றார்கள். சரி என்று விட்டுவிட்டுப் போனார் பிராட்ஃபோர்ட். மதியம் திரும்பி வந்தால் தெருவில் பந்து விளையாட்டு. மற்றவர்கள் உழைக்கும்போது நீங்கள் விளையாட என் மனசாட்சி இடம் தராது என்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தன் புத்தகத்தில் இதை மறக்காமல் எழுதியவர், மூன்று நாள் விருந்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

மருந்து 1623இல் வந்தது. ஊசாமெக்வின் சாகக் கிடக்கிறார் என்று கேட்டு வின்ஸ்லோ ஓடினார். கண் தெரியாமல் கிடந்தவர், வின்ஸ்நோ வந்திருக்கிறாரா என்று கேட்டார். நமக்கு ழகரம் படுத்துகிற மாதிரி அவர்களுக்கு லகரம், நகரமாகிவிடும். வின்ஸ்லோ அவர் வாயைக் கழுவி, நாக்கை வழித்து, சோளமாவுக் கஞ்சியில் ஸ்ட்ராபெர்ரி இலையும் சசாஃப்ராஸ் வேரும் போட்டுக் கைக்குட்டையில் வடிகட்டிக் கொடுத்தார். பார்வை தெளிந்தது. தெளிந்ததும் தலைவர், ஊரில் இன்னும் காய்ச்சலில் கிடக்கிற அத்தனை பேர் வாயையும் இதே மாதிரி கழுவிவிட்டுப் போகச் சொன்னார்! வின்ஸ்லோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவினார். பிறகு தலைவர் வாத்து சூப் கேட்டார். கொழுப்பை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றால் கேட்கவில்லை. முழுசாகச் சாப்பிட்டு வாந்தியெடுத்து, மூக்கில் நாலு மணி நேரம் ரத்தம் வடிந்து, பிழைத்தார்.

அந்தக் கஞ்சியின் சூடு ஒரு தலைமுறைதான் தாங்கியது. அவர் மகன் மெட்டாகாம். வின்ஸ்லோ மகன் ஜோசையா பிளிமத்தின் ஆளுநர். நிலத்துக்காக 1675இல் இவர்கள் காலத்தில் போர் மூண்டது. அடுத்த ஆண்டு மெட்டாகாம் கொல்லப்பட்டு, தலை பிளிமத்தில் கழியில் செருகப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது.

பண்டிகையை ஆக்கியவர்கள் வேறு. மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை எழுதினாரே சாரா ஹேல், அவர் பல வருஷம் கடிதம் எழுதித் துளைத்ததில், 1863இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே லிங்கன் நன்றி நாள் அறிவித்தார். அந்த அறிவிப்பில் பிளிமத்தும் இல்லை, தொண்ணூறு பேரும் இல்லை, ஐந்து மானும் இல்லை. 1939இல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு வசதியாக ரூஸ்வெல்ட் நாளை ஒரு வாரம் முன்னால் தள்ள, பாதி மாநிலங்கள் ஒரு வியாழனும் மீதி வேறு வியாழனும் கொண்டாடிய கூத்தும் உண்டு.

1970இல், கப்பல் வந்து 350 ஆண்டு ஆனதற்காக மாசசூசெட்ஸ் அரசு சார்பில் ஒரு விருந்து. பேசுவதற்கு வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் இசையாசிரியரை அழைத்தார்கள். பேச்சை முன்கூட்டி வாங்கிப் படித்தவர்களுக்குத் தொண்டையில் முள் சிக்கியது. சமாதியைத் தோண்டியதும் சோளத்தை எடுத்ததும் அதில் இருந்தது. மாற்றி எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் போகவில்லை. தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத்தில் கோல்ஸ் ஹில் குன்றில், ஊசாமெக்வின் சிலையருகே தன் ஆட்களோடு நின்று அதைத் துக்க நாள் என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அங்கே கூடுகிறார்கள். பலர் முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து பட்டினி இருப்பார்கள். பேச்சும் ஊர்வலமும் முடிந்தபின் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது பல வருஷம் பழக்கமாக இருந்தது. சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்.