சல்லடைக்குப் பச்சை தெரியாது

என்ன தம்பி, டெக்ஸ்ட் கிளாசிஃபயர் கட்டப் போறியாம்ல? தெருவே பேசிக்கிட்டுக் கெடக்கு. கதவச் சாத்திக்கிட்டு உக்காந்து, பெரிய கம்ப்யூட்டர் வேணும், கிராஃபிக்ஸ் கார்டு வேணும்னு அப்பன் உசுர எடுக்குறியாமே. ஏலக்காய் விக்கிற வெலைக்கு அந்த மனுசன் எதை வித்து எதை வாங்குவாரு?

சரி, அது என்னதான் செய்யும்? ஒரு வரியக் காட்டுனா, இது இன்ன வகைன்னு சொல்லும். குப்பை மெசேஜா, உருப்படியானதா. புகழுறானா, வையுறானா. அம்புட்டுத்தானே? அதுக்கு எம்புட்டு ஸ்லைடு, எம்புட்டு அம்புக்குறி!

போடியில பொறந்தவனுக்கு வகை பிரிக்கிறத நான் சொல்லித்தரணுமாக்கும். மலையில இருந்து காய் காஞ்சு இறங்குது. சல்லடையில கொட்டுறோம். ஏழு எம்.எம்., எட்டு எம்.எம்.னு ஓட்டைக்குத் தக்கன பிரியுது. சல்லடைக்கு அளவு தெரியும். பச்சை தெரியுமா? வெளுத்தது, வெடிச்சது, பூச்சி கடிச்சதெல்லாம் பொம்பளைக உக்காந்து கையால பொறுக்கி எடுத்தாத்தான் உண்டு. இப்ப கலர் பாத்துப் பிரிக்கிற மெஷினும் வந்துருச்சு, இல்லேங்கல. அதுக்கும் எது பச்சை, எது வெளுப்புன்னு மொதல்ல ஒரு கண்ணு சொல்லித்தரணும்ல?

நீ மெஷினப் பத்தியே பேசுற. பொறுக்குறது யாருன்னு கேட்டா மோட்டுவளையப் பாக்குற.

தமிழுக்கே இந்த வேலையச் செஞ்சு பாத்திருக்காக. 2020ல, அயர்லாந்து கால்வே பல்கலைக்கழகத்துல இருந்த பாரதி ராஜா சக்ரவர்த்தியும் அவரு கூட்டாளிகளும். பாரதிராஜான்னதும் நம்ம அல்லிநகரத்துக்காரர்னு நெனச்சுராத, இவரு வேற. ஆனா இவரும் சினிமாவத்தான் தொட்டாரு. யூடியூப்ல பட டிரெய்லருக்குக் கீழ நம்ம பயலுக எழுதுறானுகள்ல, தமிழும் இங்கிலீசும் கலந்துகட்டி, அதுல 15,744 கமெண்ட்ட எடுத்தாக. மெஷின்ட்ட குடுத்துட்டுத் தூங்கப் போகல. ரெண்டு ஆளுகிட்ட தனித்தனியாக் குடுத்து வகை சொல்லச் சொன்னாக. ரெண்டு பேரும் ஒத்துப்போனாச் சரி. முட்டிக்கிட்டா மூணாவது ஆளு. அப்பவும் தீரலேன்னா இன்னும் ரெண்டு பேரு. ஒரு வரிக்கு இம்புட்டுப் பஞ்சாயத்து!

ஏன்? "ஆகா, படம்னா இதுல்ல படம், ரெண்டு மணி நேரம் நல்லாத் தூங்குனேன்"னு ஒருத்தன் எழுதுறான்னு வையி. இது புகழ்ச்சியா? நம்ம ஊருல எருமை மேய்க்கிற பயலுக்குக்கூடத் தெரியும் இது நக்கல்னு. உன் யந்திரம் "ஆகா"வ எண்ணும், "நல்லா"வ எண்ணும், பாராட்டுன்னு முத்திரை குத்திரும். சக மனுசனே ஒத்துப்போகாத வரியில மெஷின் மட்டும் நூத்துக்கு நூறு வாங்குச்சுன்னு எவனாச்சும் சொன்னா, அவன்ட்ட கடன் வாங்காத, குடுக்கவும் செய்யாத.

இன்னொண்ணு கேளு. அந்த 15,744ல புகழ்ச்சி மட்டும் 10,559. வசவு 2,037. ரெண்டுங்கெட்டான் 1,801. மிச்சம் என்னன்னு புரியாததும், தமிழே இல்லாததும். இப்ப நான் ஒரு கிளாசிஃபயர் செய்யிறேன் பாரு. கம்ப்யூட்டர் வேணாம், கரண்டு வேணாம். கயித்துக்கட்டில்ல படுத்துக்கிட்டு எதைக் காட்டுனாலும் "நல்லது, நல்லது"ம்பேன். நூத்துக்கு அறுபத்தேழு சரியா வரும்! எனக்கு யாராச்சும் சம்பளம் தருவாகளா? நீ மட்டும் நாளைக்கு எழுபது வந்துருச்சுன்னு ஸ்டேட்டஸ் போடுவ. ஒவ்வொரு குவியலுக்கும் தனித்தனியா மார்க் போட்டுப் பாரு. வசவுல எத்தனையப் பிடிச்சுச்சு? வசவுன்னு சொன்னதுல எத்தனை நெசமாவே வசவு? அப்பத் தெரியும் சங்கதி.

அந்தக் கமெண்ட்ட வச்சு அவுக மெஷினுகளுக்கு வச்ச பரிச்சையில பெரிய பெரிய நவீன மாடலெல்லாம் திணறுச்சு. லாஜிஸ்டிக் ரெக்ரஷன், ரேண்டம் ஃபாரஸ்ட்டுன்னு பழைய எளிய முறைகதான் ஓரளவு தாக்குப்பிடிச்சுச்சு. அதெல்லாம் சைக்கிட்-லேர்ன்ல ஓசியாவே கெடைக்குது. 2007ல தொடங்குன சரக்கு. உங்க அக்கா காலேசுக்குக் கொண்டுபோன பழைய லேப்டாப் போதும். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுத் தந்துரும். கிராஃபிக்ஸ் கார்டு என்னாத்துக்கு?

அதவிடப் பழசும் இருக்கு. இங்கிலாந்துல தாமஸ் பேயஸ்னு ஒரு பாதிரியார். அவரு போட்ட கணக்கு, அவரு செத்தபெறகு 1763ல அச்சாச்சு. அதை வச்சுத்தான் நயீவ் பேயஸ்னு ஒரு முறை. குப்பை மெசேஜுல எந்தச் சொல்லு அடிக்கடி வருது, நல்ல மெசேஜுல எது வருதுன்னு எண்ணி எடைபோடுறது. 2002ல பால் கிரஹாம்னு ஒருத்தர் ஸ்பேம் மெயில இப்படி விரட்டலாம்னு எழுதுனாரு, ஊரே பிடிச்சுக்கிருச்சு. அவரு ஒண்ணும் மலையப் பெயர்க்கல தம்பி. எண்ணுனாரு.

ஆனா எண்ணுறதுலயும் சூதானம் வேணும். லாட்டரிங்கிற சொல்லு வந்தாக் குப்பைன்னு நீ போடியில உக்காந்து பழக்குறேன்னு வையி. இங்க 2003லயே தடை பண்ணியாச்சு, சரிதான். போடிமெட்டு ஏறி அங்கிட்டுப் போ. கேரளாவுல 1967ல இருந்து அரசாங்கமே நடத்துது. பூப்பாறைக்காரனுக்கு அது நெதம் புழங்குற சொல்லு. கொண்டையூசி வளைவு முடியிற எடத்துல உன் யந்திரத்தோட புத்தியும் முடிஞ்சுபோகும். எந்த ஊரு வரிக்கு வேலை செய்யணுமோ, அந்த ஊரு வரியக் கொண்டாந்து பழக்கு.

நம்ம பயலுக எழுதுற லட்சணம் வேற. "செம"ங்கிறத இங்கிலீசு எழுத்துல ஒருத்தன் ஒரு எம் போட்டு எழுதுறான், ஒருத்தன் ரெண்டு. இன்னொருத்தன் மூச்சு முட்ட இழுக்குறான். யந்திரத்துக்கு மூணும் மூணு சொல்லு. காயை, காய்க்கு, காயில, காயும்னு ஒரே காய் நம்ம பேச்சுல எத்தனை வேசங்கட்டுது? அதனால முழுச் சொல்ல மட்டும் எண்ணாம, மூணெழுத்து நாலெழுத்தா நறுக்கியும் எண்ணச் சொல்லு. செலவில்லாத வைத்தியம்.

ரசிகப் பயலுக ஒரே வரிய ஊரெல்லாம் ஒட்டுவானுக, அத மொதல்ல கழிச்சுரு. பழக்குன வரியே பரிச்சைக்கும் வந்தா எந்த மக்கும் பாசாகிரும்.

எந்தத் தப்பு கையைச் சுடும்னு யோசிச்சியா? ஒரு குப்பை உள்ள வந்தா, தள்ளிவிட்டுட்டுப் போயிருவேன். ஆனா ஏலத்துல வித்த காய்க்குப் பணம் ஏறிருச்சுன்னு வந்த செய்தியக் குப்பையில போட்டுட்டு, தொண்ணூத்தெட்டு சதவீதம்னு நீ வந்து நின்னா, நான் என்னன்னு சொல்லுவேன்?

கார்டு பெறகு வாங்கிக்கலாம். நாளைக்கு வெள்ளென எந்திரி. ஐந்நூறு வரிய எடுத்துக்க. நீயும் உன் சேக்காளியும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமப் பிரிங்க. எங்கெங்க முட்டிக்கிட்டீங்களோ, அந்த வரிகள மட்டும் எடுத்துக்கிட்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. கண்ணுதான் மங்கிப்போச்சு, நக்கல் எதுன்னு காதுக்கு இன்னும் நல்லாத் தெரியும்.