இடப்பக்க ஆசனம்

புராதன மோட்டார் வண்டிகளைப் புதுப்பித்து வைத்திருக்கும் மனிதர்களைச் சிநேகிதர்களாக அடைந்தவர்களுக்கு, அவ்வண்டியின் வம்ச வரலாற்றைச் சாங்கோபாங்கமாகக் கேட்கும் பாக்கியமும், அதைக் கேட்டுக்கொண்டே அதன் இடப்பக்க ஆசனத்தில் பிரயாணம் செய்யும் பாக்கியமும் சேர்ந்தே வாய்க்கின்றன. முன்னதை எத்தனை நாழிகையானாலும் சகித்துக்கொள்ளலாம். பின்னதைப் பற்றித்தான் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு.

அடையாற்றில் வசிக்கும் என் நண்பரிடம் இருப்பது, நீலகிரித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்று, பிறகு பல கை மாறி, கடைசியில் தார்ப்பாய் மூடிய இரும்புக் குவியலாக இவர் கைக்கு வந்து சேர்ந்த 1948-ஆம் வருஷத்து எம்.ஜி. டி.சி. என்னும் இரண்டு ஆசன வண்டி. அதன் முகப்புப் பலகையில் பெரிய வட்ட மீட்டர்கள் இரண்டு இருக்கின்றன. ஓட்டுகிறவருக்கு நேரே இருப்பது, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைக் காட்டுவது. வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதைக் காட்டும் ஸ்பீடாமீட்டரோ, பிரேக்கின் மேலும் ஸ்டியரிங்கின் மேலும் யாதொரு அதிகாரமுமின்றிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிரகிருதிக்கு எதிரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அபாயத்தை உண்டாக்கும் சக்தியை ஒருவரிடமும், அதைப் பற்றிய ஞானத்தை மற்றொருவரிடமும் பிரித்துக் கொடுத்த அந்த இங்கிலீஷ்கார மேதாவி, தன் ஆயுளில் ஒருநாளும் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கமாட்டான் என்பது என் சித்தாந்தம்.

"என்ன வேகம் ஓய்?" என்று நண்பர் கேட்பார். முள் முப்பத்தைந்து மைலில் நிற்கையில், பயந்தாவது நிதானிக்கட்டும் என்று "ஐம்பது" என்றால், "இந்த வயசிலும் பார்த்தீரா!" என்று பூரித்துப்போய் இன்னும் அழுத்துகிறார். சரியென்று இருபத்தைந்துக்கு இறக்கிச் சொன்னால், வண்டியின் கௌரவத்துக்கு இழுக்கு வந்துவிட்டதென்று அதைவிட அதிகமாக அழுத்துகிறார். கதவுகளோ பின்பக்கம் கீல் வைத்தவை. போகும்போது தாழ் விலகினால் எதிர்க்காற்றே அவற்றை அகல விரித்துவிடும். அவற்றிலும் முழங்கை வைக்கும் இடத்தை ஆழமாக வெட்டி இறக்கியிருப்பதால், மாநகரப் பேருந்தின் சக்கரம் என் காதுக்கு நேரே சுழல்வதை யாதொரு தடையுமின்றித் தரிசிக்கலாம்.

இந்த நிலையில்தான் சரித்திரமும் நடக்கும். ஆக்ஸ்போர்டில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்லியம் மாரிஸ் பிற்பாடு நஃபீல்டு பிரபுவானதும், அவருடைய 'மாரிஸ் கராஜஸ்' என்னும் ஸ்தாபனத்துக்கு 1922-இல் மானேஜரான செசில் கிம்பர் என்பவர் சாதாரண மாரிஸ் கார்களுக்கு உல்லாசமான உடலைப் பூட்டி எம்.ஜி. என்று பெயரிட்டதும், 1929-இல் தொழிற்சாலை ஆபிங்டனுக்குப் போனதும், அந்த ஆபீஸின் டெலிபோன் நம்பர் 251 என்பதால் டி.சி. ரகத்தின் முதல் வண்டிக்கு 251 என்றே இலக்கமிட்டதும், கோத்திரப் பிரவரம் சொல்வது போல் தடையின்றி வரும். கிம்பரை 1941-இல் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் அவர் காலமானார். டி.சி. வெளிவந்தது அவ்வருஷத்துக் கடைசியில்தான். மோட்டாரையே நம்பி வாழ்ந்த மனுஷர் ரயிலேறிப் போய் உயிரை விட்டாரே என்று சொல்லும்போது, ரயில்வே இலாகாவின்மேல் நண்பருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்பது தெரியும்.

புதுப்பித்த வைபவம் தனிப் புராணம். இந்த வண்டியின் எலும்புக்கூடு ஆஷ் என்னும் சீமை மரம். அதன்மேல் தகடு போர்த்தியிருக்கிறார்கள். ஆகையால் முதலில் வந்தவர் மெக்கானிக் அல்லர், ஆசாரி. உளுத்த சட்டத்தை உளியால் நெம்பிப் பார்த்துவிட்டு, "நல்ல தேக்கா வாங்கிக் கொடுங்க" என்றார் அவர். ஆஷ் மரமே சாஸ்திரோக்தம், தேக்கு அபசாரம் என்று வாதாடும் வைதிகர்கள் அந்த உலகத்திலும் இருக்கிறார்களாம்.

மெக்கானிக்குக் கண்டம் போல்ட்டில் இருந்தது. முதல் யுத்த காலத்தில் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சுக் கம்பெனி இயந்திரத் துப்பாக்கி செய்வதற்காகக் கவென்ட்ரியில் வைத்த தொழிற்சாலை, யுத்தம் ஓய்ந்ததும் மாரிஸுக்கு எஞ்சின் செய்து கொடுத்து, 1923-இல் அவருக்கே சொந்தமாயிற்று. இயந்திரங்கள் பிரெஞ்சுக்காரருடையவை, ஆகையால் மரை மெட்ரிக் அளவு; ஊரிலுள்ள ஸ்பேனர்களெல்லாம் இங்கிலீஷ், ஆகையால் போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் அளவு. அந்த வம்சத்தில் வந்த இந்த எஞ்சினில் ஒரு போல்ட் தொலைந்தால் லேத்துப் பட்டறையில் கடைந்துதான் ஆகவேண்டும்.

இத்தனைக்கும் அந்த 1,250 சி.சி. எஞ்சினின் பலம் 54 குதிரைச் சக்திதான். இன்று காய்கறி வாங்கப் போகிற சின்னக் கார்களுக்கே அதைவிட அதிகம். ஆயினும் 1949 வரை செய்த சுமார் 10,000 வண்டிகளில் ஏறக்குறைய 2,000 அமெரிக்காவுக்குப் போயின. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறதே என்று கூடப் பாராமல் அங்கே வாங்கினார்கள். 1961-இல் உலகச் சாம்பியனான ஃபில் ஹில்லும் இளம் வயதில் டி.சி. ஓட்டிப் பந்தயத்துக்கு வந்தவர்தான்.

ஆபிங்டன் தொழிற்சாலையை 1980-இல் மூடிவிட்டார்கள். பெயர் பல கை மாறிச் சீனக் கம்பெனியிடம் போய், 2019 முதல் குஜராத்தின் ஹாலோலிலிருந்து எம்.ஜி. கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. அப்படியொரு பெரிய கார், திருவான்மியூர் சிக்னலில் எங்களை உரசினாற்போல் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய இளைஞர், எங்கள் ரேடியேட்டரின்மேல் இருந்த எண்கோண முத்திரையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், லோகோ சூப்பர்! எந்தக் கடையில ஒட்டினீங்க?" என்றார்.

நண்பர் எஞ்சினை நிறுத்தினார். ஆக்ஸ்போர்டுச் சைக்கிள் கடையிலிருந்து ஆரம்பித்தார். பச்சை விழுந்தது, இளைஞர் போய்விட்டார், பின்னாலிருந்த பேருந்துகளெல்லாம் ஏககாலத்தில் அலறின, கிம்பர் இன்னும் மானேஜராகவில்லை. போக்குவரத்துக் காவலர் வெகு ஆவேசமாக வந்தார், வண்டியை ஒருதரம் பிரதட்சிணம் செய்தார், கம்பிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மைலேஜ் எவ்வளவு சார் குடுக்குது?" என்று கேட்டார்.

நண்பர் மறுபடியும் சைக்கிள் கடையிலிருந்து தொடங்கினார்.