சுவிஸ் அன்ரியின் சப்பாத்துச் சாத்திரம்

ஆடி பிறந்தால் திருகோணமலைக்குச் சுவிஸ் அன்ரிமார் வந்திறங்குவார்கள். துறைமுகப் பக்கத்தில் வீதிக்கு ஒருவராவது இருப்பார். கோட்டைக்குள் மான் பார்ப்பது, கன்னியாவில் வெந்நீர் அள்ளி வார்ப்பது என்று முதல் இரண்டு நாளும் அமைதியாகப் போகும். மூன்றாம் நாள் மருமகளுக்குச் செருப்பு வாங்கவென்று மத்திய வீதிக்குப் புறப்படுவார்.

"என்ன சைஸ் அன்ரி?" என்று கடைப்பிள்ளை கேட்டதுதான் தாமதம்.

"சைஸோ? சென்ரிமீற்றர் சொல்லும் பிள்ளை. பனிச்சறுக்குச் சப்பாத்துக்கு அங்க கால் நீளத்தைத்தான் அளக்கிறது. எனக்கு 23.5."

பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பனிமுகாமால் அன்ரிக்கு வந்த ஞானம் இது. மலையில் எவ்வளவு தூரம் சறுக்கினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. சப்பாத்து வாங்கிய கதையே மத்தியானச் சாப்பாடு வரை நீளும்.

"முதல்ல உள்ளுறையைக் கழட்டிப்போட்டு வெறும் கோதுக்குள்ள காலை விடவேணும். பெருவிரல் முன்னுக்கு முட்டேக்க குதிக்குப் பின்னால ஒரு விரல், மிஞ்சினா ரெண்டு விரல் போகலாம். மூண்டு போனா அது சப்பாத்தில்லை, வள்ளம்!"

பெண்களுக்குக் கெண்டைத் தசை கீழிறங்கியிருப்பதால் அவர்களுடைய சப்பாத்தின் கழுத்துத் தாழ்ந்திருக்கும். விறைப்பு எண் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், 80, 90 என்று பார்த்து ஏமாறக் கூடாது. தடித்த காலுறை இரண்டு போடவே கூடாது, மெல்லியது ஒன்று போதும். கடைப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். உள்ளுறையைச் சூடாக்கிக் காலுக்கேற்றபடி படியவைப்பார்கள் என்றபோது மட்டும் வாய் திறந்தாள்: "இஞ்ச வாசல்ல வச்சாலே காணும் அன்ரி."

அடுத்தது பரீட்சை. மருமகள் கடை நடுவில் முழங்காலை மடித்து அரைக்குந்தில் நிற்கிறாள். "நிமிர்ந்து நிக்கேக்க விரல் முன்னுக்கு மெல்லத் தொடவேணும். மடிக்கேக்க பின்னுக்கு வரவேணும். குதி எழும்பப்படாது!" மருமகளின் காலில் இருப்பது இரண்டு வார் வைத்த றப்பர் செருப்பு. முன்னுக்குத் தொட அதில் ஒன்றுமே இல்லை.

சிரிக்கலாம்தான். ஆனால் நாங்கள் வாங்கும் இலட்சணம் என்ன? நிறத்தைப் பார்க்கிறோம், சேலைக்குப் பொருந்துமா என்று பார்க்கிறோம், "போடப் போட இளகும்" என்ற கடைக்காரர் வாக்கை நம்பிக் கலியாண வீட்டில் குதிக்குப் பிளாஸ்ரர் ஒட்டுகிறோம். அன்ரியோ இரண்டு காலையும் அளக்கச் சொல்கிறார், பெரிய காலுக்குப் பார்த்து வாங்கச் சொல்கிறார், கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் வரச் சொல்கிறார். ஒன்றிலும் பிழை பிடிக்க முடியாது.

ஆகவே வீட்டில் அன்ரி வந்து நிற்பவர்கள் இந்த ஆடிக்கு அவரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். கடை பூட்ட இரண்டு மணித்தியாலமாவது இருக்கும்போது போங்கள்.