பாட்டு இருக்கு, பேரேடு இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை கணினியைத் திறந்தால், "நூலகக் கோப்பு சிதைந்துவிட்டது" என்றது பாட்டு மென்பொருள். பதினைந்து வருஷச் சேமிப்பு, நாலாயிரம் பாட்டு. இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் புரிந்தது, சிதைந்தது பாட்டு இல்லை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த பேரேடு. கணக்குப்பிள்ளைக்கு மயக்கம் வந்தால் கிடங்கில் நெல் காணாமல் போகுமா? பழைய கோப்பின் பெயரை மாற்றி ஓரங்கட்டிவிட்டு, பாட்டுகள் இருக்கும் கோப்புறையை மறுபடி காட்டினால் புதுப் பேரேடு எழுதிக்கொள்ளும். எழுதிக்கொண்டது.

எழுதிய லட்சணத்தைத்தான் பார்க்க வேண்டும்! பாட்டின் பெயரை அது எடுத்தது எம்பி3 கோப்பின் வாலில் தொங்கும் பழைய ஐடி3 குறிப்பிலிருந்து. அந்தக் குறிப்புக்கு மொத்த இடமே 128 பைட். அதில் தலைப்புக்கு 30. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். ஆக, பத்தாவது குறியிலேயே பல்லவி அறுந்துவிட்டது. தலைப்பே இல்லாததெல்லாம் 'டிராக் 01'. அப்படி முந்நூறு டிராக் 01.

எட்டிப்பார்த்த மனைவி கேட்டாள்: "இதுல எத்தனை பாட்டுங்க நீங்க முழுசாக் கேட்டிருக்கீங்க?"

அந்தக் கணக்கும் பழைய பேரேட்டில்தான் இருந்தது.