டிக்டேஷன் தாத்தா

மாலை ஐந்தரை மணிக்கு அபார்ட்மென்ட் பிள்ளைகள் எல்லாம் கீழே சைக்கிள் விட்டுக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் டிக்டேஷன் தாத்தா ஒருவர் குடியிருக்கிறார் என்று அறிக. குரோம்பேட்டையிலிருந்து குனியமுத்தூர் வரை இவர் இல்லாத குடியிருப்பு அபூர்வம்.

இவர் ஆசிரியராக இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் பேரப்பிள்ளையின் புத்தகப் பை இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. டிக்டேஷன் தாத்தா ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தவர். கெஜட்டட் பதவி உயர்வுக்கான பட்டியலில் பெயர் வந்த மாதமே ரிட்டயர் ஆனவர். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பாக்கியம் அதனால் கிட்டாமல் போயிற்று. அந்தக் குறை இப்போது தீர்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கும் பேத்தியின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பச்சை மைதான். "பார்வையிடப்பட்டது. பிழைகள் ஏழு. திருத்தி எழுதி மீளச் சமர்ப்பிக்கவும்." கீழே சுருக்கொப்பம், தேதி.

இவரை இந்த நாற்காலியில் உட்காரவைத்ததில் சர்க்காருக்கும் பங்கு உண்டு. தமிழ் படிக்காமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம் என்றிருந்த தமிழ்நாட்டில், 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம்தான். வீட்டில் உட்கார்ந்து யார் சொல்லிக்கொடுப்பது என்பதை மட்டும் அதில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். மருமகள் பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவர். மகனுக்குத் தமிழ் தெரியும், வீட்டுக்கு வரத்தான் நேரமில்லை. "அப்பா, தமிழை மட்டும் நீங்க பாத்துக்கங்களேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்தவறிச் சொல்லிவிட்டான். வாய்மொழி உத்தரவையே அரசாணையாக எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் பணியில் சேர்ந்துவிட்டார் தாத்தா.

டிக்டேஷனுக்குப் பாடப் புத்தகத்தை அவர் தொடுவதில்லை. அதில் படம் அதிகம், எழுத்து குறைவு என்பது அவர் கட்சி. அன்றைய செய்தித்தாளை விரித்துக்கொள்வார். எட்டு வயதுப் பிள்ளை 'நிலுவை', 'கூட்டுறவு', 'உள்ளாட்சி', 'ஒத்திவைப்பு' என்று வரிசையாக எழுதும்.

"தாத்தா, இது எந்த ல?"

"சொல்லக் கூடாது. காதை வெச்சுக் கேளு. உள்... ளாட்சி."

"பல்செட்டை மாட்டிக்கிட்டுச் சொல்லுங்க தாத்தா. எல்லாமே ஒரே ல மாதிரி கேக்குது."

பல்செட்டு மாட்டிய பிறகு உச்சரிப்பு சுத்தமாக வரும். ஆனால் குழந்தை அதைக் கேட்பதில்லை, பார்க்கிறது. பெரிய ற வந்தால் தாத்தாவின் வலது புருவம் மேலே ஏறும். மூன்று சுழி ண வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். ழ என்றால் சன்னிதியில் நிற்பவர்போலக் கண்ணை மூடிக்கொள்வார். பேத்தி இந்த இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தாயிற்று. பத்துக்குப் பத்து. "என்கிட்ட ஒரு மாசம் விட்டா போதும், எந்தப் புள்ளையும் எழுதிடும்" என்று லிஃப்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுத்தில் அவருக்கென்று ஒரு தனி ராஜ்யம் உண்டு. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது அவர் வேலையில் சேர்ந்தாயிற்று, கையும் பழகியாயிற்று. பெரியார் 1935இலிருந்தே தம் பத்திரிகைகளில் அச்சடித்துக்காட்டிய எழுத்துகளைத்தான் அரசு அப்போது ஏற்றுக்கொண்டது. அலுவலகத்தில் புது எழுத்தில் குறிப்பு எழுதிய இதே மனிதர், வீட்டுக்கு வந்தால் 'லை'க்கும் 'னை'க்கும் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுவார். அரசாணை அலுவலகத்தோடு சரி என்பது அவர் கொண்ட பொருள். பேத்திக்கு அந்த எழுத்து ரொம்பப் பிடித்துவிட்டது. தாத்தா போட்ட தும்பிக்கைக்கு ஒரு கண்ணும் வாலும் வைத்து முடிக்கிறாள்.

அடுத்தது சொற்பொருள். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் அதைவிடக் கடினமான இன்னொரு சொல்லைச் சொல்வதுதான் முறை என்று எங்கோ கற்றிருக்கிறார். 'அகம்' என்றால் 'இல்லம்' என்பார். இல்லம் என்றால் 'மனை' என்பார். மனை என்றால் என்ன என்று குழந்தை சலிக்காமல் கேட்டபின், வேறு வழியில்லாமல் 'வீடு' என்று ஒப்புக்கொள்வார். எதிர்ச்சொல்லில் மட்டும் வேகம். இன்பம், துன்பம். மேடு, பள்ளம். ஒரு நாள் பேத்தி தானாகவே ஒன்று சொன்னாள்:

"தாத்தா, எதிர்ச்சொல் பாட்டி."

"தப்பு கண்ணு. அது பெண்பால். ஆண்பால், பெண்பால் வேற, எதிர்ச்சொல் வேற."

சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது: "அவ சொன்னதுதான் சரி."

வாக்கியத்தில் அமைத்தல் இதைவிடச் சுவாரசியம். 'மகிழ்ச்சி' என்ற சொல்லைக் கொடுத்தார். அவள் பென்சிலைக் கடித்து, விட்டத்தைப் பார்த்து, எழுதி நீட்டினாள்: "தாத்தா ஊருக்குப் போனால் எனக்கு மகிழ்ச்சி." தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா! 'ஊருக்குப்' பக்கத்துல 'ப்' போட்டிருக்கா பாரு! நாலாம் வேற்றுமைக்கு அப்புறம் வல்லினம் மிகும். இந்த வயசுல எனக்கே தெரியாது!" என்று பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். பாட்டி படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

வாசிப்புப் பயிற்சி என்பது நின்றுகொண்டு தலையங்கத்தை உரக்கப் படிப்பது. "நாங்கல்லாம் எப்படிப் படிச்சோம் தெரியுமா?" என்று தொடங்குவார். எப்படிப் படித்தார் என்பது அவர் வாயாலேயே வரும். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, இவர் எழுத்துக்கூட்ட ஆரம்பித்த காலத்தில் கிராமத்துக்கு மாதம் ஒரு பிரதி வருமாம். அது கை மாறி, அட்டை கிழிந்து இவரிடம் வரும்போது வேதாளக் கதையின் கடைசிப் பக்கம் இருக்காது. விக்கிரமாதித்தன் என்ன பதில் சொன்னான் என்று தெரிந்துகொள்ள அடுத்த தெருவுக்கு ஓடியிருக்கிறார். கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து, அப்பாவிடம் அடியும் வாங்கியிருக்கிறார். ஆக, இவரை வாசகராக்கியது டிக்டேஷனும் இல்லை, தலையங்கமும் இல்லை. இதை இத்தனை சுவையாகச் சொல்லிமுடித்து, மூச்சு வாங்கி, "சரி சரி, ரெண்டாவது பத்தியிலேர்ந்து படி" என்பார். அவர் கதை சொல்லும்போது கண்கொட்டாமல் கேட்ட பிள்ளை, அந்தப் பத்திக்கு வந்ததும் கொட்டாவி விடும். காரணம் பள்ளிக்கூடத்தில் சாப்பிடும் சமோசா என்று முடிவு கட்டியிருக்கிறார்.

ஆங்கிலத்தையும் ஒரு வாரம் பார்த்தார். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லிச் சேர்க்கும் ஃபோனிக்ஸ் முறையில் பிள்ளை "க், ஆ, ட்" என்று ஆரம்பித்ததும், வயிற்றில் ஏதோ கோளாறு என்று ஓமவாட்டர் தேடிப் போனார். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கியதோடு அந்த முயற்சி நின்றது. இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

இடுப்பு பிடித்த வாரத்தில் நிர்வாகம் பேத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. யு.கே.ஜி. படிக்கும் தம்பிக்கு அவள்தான் சட்டாம்பிள்ளை. இது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பழைய ஏற்பாடு. 1789இல் எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளை பாடம் சொல்லும் முறையை 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அங்கே பேரெடுத்தது. குரோம்பேட்டைக் கிளையில் அது அரைமணி நேரம் நடந்தது. "பார்வையிடப்பட்டது" என்று தம்பியின் முன்னங்கையில் பச்சை மையில் எழுதப்பட்டிருந்ததைப் பாட்டி கண்டுபிடித்ததும் கிளை மூடப்பட்டது.

சைக்கிள் டெஸ்ட் வந்தது. சொல்வதெழுதுதலில் பத்துக்கு நான்கு. வீட்டில் நூறு சதவீதம் வாங்கிய பிள்ளைக்குப் பள்ளியில் நான்கா?

"மிஸ் மூஞ்சில ஒண்ணுமே வரல தாத்தா" என்றாள் அவள்.

இந்த வாக்குமூலத்தைத் தாத்தா காதில் வாங்கவில்லை. மறுநாளே கஞ்சி போட்ட சட்டை, குடை, அகராதி சகிதம் பள்ளிக்குப் போனார். தமிழ் மிஸ்ஸுக்கு வயது இருபத்தாறு இருக்கும். தாத்தா ல, ள, ழ மூன்றையும் சொல்லிக்காட்டச் சொன்னார். அந்தப் பெண் புருவம் அசையாமல், நரம்பு புடைக்காமல், மூன்றையும் கணீரென்று சொன்னார். தாத்தாவுக்கு அடுத்த கேள்வி எழவில்லை.

"சார், உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்று விடைத்தாளை எடுத்தார் மிஸ். "மலை, அலை எல்லாத்துக்கும் பாப்பா ஒரு யானை போடறா. எங்க பாட்டி லெட்டர்ல இந்த லை பாத்திருக்கேன். இதைப் பத்திப் பசங்களுக்கு ஒருநாள் சொல்றீங்களா? வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு சும்மாதான் இருக்கு. கதைகூடச் சொல்லலாம்."

சண்டைக்கு வந்தவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? நல்ல பெண் என்று மனசுக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டருகே கரும்பலகையில் ஓர் அறிவிப்பு: 'பெற்றோர்களுக்கு தெரிவிப்பது'. தாத்தாவுக்குக் கால் நகரவில்லை. இரண்டு பிழை. வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சாக்பீஸ் கேட்டார். அவர் கேட்ட தோரணையில் வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். தாத்தா 'கள்'ளை அழித்தார், 'த்' போட்டார், நாலடி பின்னால் தள்ளிநின்று பார்த்தார்.

"டி.இ.ஓ. ஆபீஸ்லேர்ந்து வரீங்களா, சார்?" என்றார் வாட்ச்மேன் பயபக்தியோடு.

தாத்தா இல்லை என்று சொல்லவில்லை.