முகூர்த்தம் முடிந்தபின்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் தாலி ஏறியதும் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்: "இங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு?" திருமலை நாயக்கரின் வயிற்றுவலியைத் தீர்த்ததாகச் சொல்லப்படும் சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்பார்கள்.

ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க ஒரு நிமிஷம்; செல்ஃபிக்கு அரை மணி. படத்தில் கோபுர உச்சி விழாது, பெரியப்பாவின் வழுக்கை விழும். ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றுக்கு வேன் பிடித்தால், கோடையில் பாறைதான் தரிசனம் தரும்.

பால்கோவா கடையில் மட்டும் அவசரமே கிடையாது. நாலு கடையில் ருசி பார்த்துவிட்டு, கால் கிலோ சொல்வார்கள். மாமா பர்ஸைத் தடவும்போது பெண்ணின் சித்தப்பா, "நீங்க சும்மா இருங்க மாமா" என்பார். மாமாவும் சும்மா இருப்பார்.